முன்னால் இருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது

கம்பளிச் சட்டையைக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் சுருங்கிவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுக்க வேண்டும். இதை டேலிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஆனால் நடந்தது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

டேல் எங்கள் ஊர்க் காவல்துறையில் விசாரணை அதிகாரி. என் கணவர் நார்பர்ட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். கிரீன் பேயில் நார்பர்ட்டைத் தெரியாதவர்கள் குறைவு. தேவாலயத் திருவிழாவில் ஆள் உயர அண்டாவில் கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறியும் போட்டுப் பூயாக் குழம்பு காய்ச்சுவது அவர்தான். துடுப்பால் கிளறிக்கொண்டே வரிசையில் நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்வார். கேலி செய்யப்படாதவர்கள் வருத்தத்தோடு வீடு திரும்புவார்கள்.

“பதறாதீங்க அம்மா. ரெண்டு மூணு விஷயம் தெளிவானாப் போதும். அந்த ஆட்டத்தப் பாத்துட்டு எனக்கே நெஞ்ச அடச்சுது,” என்றார் டேல். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, முகம் சிவந்து, மேசை மேலிருந்த காகிதக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். நான் குடித்தேன்.   

அவருக்குத் தெளிவாகாத விஷயம் உண்மையில் ஒன்றுதான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது நார்பர்ட்டின் உள்ளங்கையில் நெஞ்சுவலி மாத்திரைப் புட்டி இருந்தது. மூடி திறக்கப்படவில்லை. கை குளிர்ந்து போயிருந்தது.

“அவர் சட்டையத் தொவைக்கறப்ப பையில இருந்த பாட்டில வெளில எடுத்து வச்சீங்க. திரும்ப வைக்க மறந்துட்டீங்க. அவருக்கு வலி வந்ததும் தேடி ஓடினீங்க, கெடைக்கறதுக்குள்ள லேட்டாயிருச்சு. அவ்ளோதானேம்மா? ஆமான்னு சொல்லுங்க, முடிச்சுரலாம்.”

டேல் நல்ல மனிதர். அவருடைய சாவிக்கொத்தில்கூடக் கிரீன் பே அணியின் பச்சை மஞ்சள் தொங்குகிறது.

“மறந்தது வரைக்கும் சரி,” என்றேன். “மிச்சத்த நான் சொல்றேன்.”

நான் சிகாகோவில் பிறந்தவள். கிரீன் பேயில் இதைச் சொன்னால் பாதிக் கதையைச் சொன்ன மாதிரி. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே அணியும் சிகாகோவின் கரடிகள் அணியும் நூறு வருடங்களாக மோதிக்கொள்கின்றன. பருவத்துக்கு இரண்டு முறை, ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே. முதல் மோதலிலேயே எங்கள் சிகாகோ ஆள் ஒருவன் கிரீன் பே ஆளின் மூக்கை உடைத்தான் என்று என் அப்பா சொல்வார். அப்பா அப்போது பிறக்கவேயில்லை. ஆனாலும் தன் கைமுட்டியைத் தடவிக்கொண்டுதான் சொல்வார். இன்னொரு கதையும் சொல்வார். கிரீன் பேக்காரர்கள் புது மைதானம் கட்ட ஊர் மக்களின் ஓட்டுக் கேட்டபோது, சிகாகோ அணியின் முதலாளியே இங்கு வந்து மேடையேறி, கட்டுங்கள் என்று பேசினாராம். “எதிரி நல்லா இருக்கணும்டி. அப்பத்தான் அவன அடிக்கறதுல ருசி,” என்பார் அப்பா.

என் கல்யாண விருந்தில் அவர் நார்பர்ட்டின் தோளில் கை போட்டு, “பொண்ணத்தான் குடுக்கறேன் மாப்ள. டீமக் குடுக்கல,” என்றார். “அது ரெண்டு வருஷத்துல தானா வந்துரும் மாமா,” என்று சொல்லி, நார்பர்ட் என் முக்காட்டின் மேல் ஒரு பச்சைத் தொப்பியை மாட்டினார். கூடம் முழுவதும் கைதட்டியது. புகைப்படத்தில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது நான்தான்.

நார்பர்ட் மேல் எனக்கு வெறுப்பு இருந்ததில்லை. இதை டேல் எழுதிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் என்னை அடித்ததில்லை, கத்தியதில்லை. குளிர்காலத்தில் என் காரைத்தான் முதலில் சூடாக்கி வைப்பார். மற்ற நாட்களில் நான் அவர் மனைவி. சிகாகோ விளையாடும் நாட்களில் மட்டும் நான் கரடி.

எங்கள் வீட்டில் சில விதிகள் இருந்தன. இந்த ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை. அணி ஜெயித்துக்கொண்டே வரும் பருவத்தில், முதல் வெற்றியன்று போட்ட சட்டையைத் தோற்கும் வரை துவைக்கக் கூடாது. அவரவர் நாற்காலி அவரவருக்கு. நாம் முன்னால் இருக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, கழிவறைக்குக்கூட. நாம் பின்தங்கினால் ராசியை மாற்ற வேண்டும். ராசியை மாற்றுவது என்றால் என்னை வெளியே அனுப்புவது.

“கரடி உள்ள இருக்கு, அதான் பந்து கை நழுவுது,” என்பார் நார்பர்ட். “ரெஜிக் கண்ணு, கொஞ்சம் பின்வாசல்ல நில்லேன்.”

அவருடைய தம்பி ஹப், பாலாடைக்கட்டித் துண்டை மென்றுகொண்டே, “பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க அண்ணி, பனி கொட்டுது. நாங்க டச்டவுன் போட்டதும் கூப்புடறோம்,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டுவேன். பின்வாசல் படியில் நின்றால் பக்கத்து வீடுகளின் தொலைக்காட்சி வெளிச்சம் பனியில் நீலமாக விழும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சல் எழும். யார் பந்தை எதிரணியின் எல்லையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்வேன். சில சமயம் என்னைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். அது வேண்டுமென்றே செய்தது இல்லை.

நான் படியில் நின்ற ஆட்டங்களில் பெரும்பாலும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். அந்தக் காலத்தில் கிரீன் பே யாரோடு விளையாடினாலும் ஜெயித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் குளிரில் நிற்கும்போது மனம் வேறு மாதிரிக் கணக்குப் போடுகிறது. நான் உள்ளேயே இருந்திருந்தால் சிகாகோ ஜெயித்திருக்கும் என்று தோன்றத் தொடங்கியது. எனக்குக் கல்யாணமானபோது, இத்தனை வருட மோதலில் சிகாகோவின் வெற்றிகள்தான் அதிகம். அந்த வித்தியாசம் என் கண்ணெதிரே, நான் சமைத்து, பிள்ளை பெற்று, அப்பாவைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்த வருடங்களில், மெல்லக் கரைந்தது. ஒரு நாள் கிரீன் பே அதையும் தாண்டியது. நார்பர்ட் கேக் வாங்கி வந்தார். என்னை வெட்டச் சொன்னார். வெட்டினேன். அவருக்குப் பெரிய துண்டாகவே கொடுத்தேன்.

போன குளிர்காலம் நார்பர்ட்டுக்கு நெஞ்சில் கோளாறு கண்டது. குளிரில் மைதானத்துக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தில் வரும் மைதான இருக்கைச் சீட்டுகளை ஹப்பிடம் கொடுக்கும்போது நார்பர்ட் அழுததை நான் பார்த்தேன். வலி வந்தால் நாக்குக்கடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். புட்டி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதனால் அதை அவர் தன் ராசிச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். இந்தப் பருவம் கிரீன் பே தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. சட்டை கடுகுச் சாறும் பீரும் அடுப்புக்கரிப் புகையுமாக நாறியது. “மருந்தும் ராசியும் ஒரே பையில இருக்கு ரெஜி. இனிமே எமன்கூட டிக்கெட் வாங்கிட்டுத்தான் வரணும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிகாகோவோடு ஆட்டம். காலையில் அவர் பூசைக்குப் போனார். நான் தலைவலி என்று வீட்டில் இருந்தேன். சட்டையை நிலவறைக்கு எடுத்துப்போனேன். மாத்திரை நனைந்தால் கெட்டுவிடும் என்பதால் புட்டியை எடுத்துச் சலவை இயந்திரத்துக்கு மேலே தட்டில் வைத்தேன். அந்தக் கணத்தில் என் மனதில் நார்பர்ட் இல்லவே இல்லை. ஆட்டம் மட்டும்தான் இருந்தது. அலசி, துண்டில் அழுத்தி, கணப்பின் முன் உலர வைத்தேன். சோப்பு வாசனை தெரியக் கூடாது என்று, அவருக்காகத் தொத்திறைச்சியைப் பீரும் வெங்காயமும் போட்டு வேகவைத்த பாத்திரத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. நூறு வருடப் பகையில் என் பங்கு ஒரு கரண்டி சலவைத்தூள்.

நார்பர்ட் வந்தார், சட்டையை மாட்டினார், முகர்ந்து பார்த்தார்.

“சாம்பியன் வாசன. உங்க ஆளுங்க இன்னிக்கு அழுதுக்கிட்டே பஸ் ஏறுவானுங்க, பாரு.”

“பாப்போம்,” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவர் கவனிக்கவில்லை.

ஹப் மைதானத்தில் இருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். கிரீன் பே தொடக்கத்திலிருந்தே முன்னால் இருந்தது, கொஞ்சமாகத்தான். அதனால் என்னைப் படிக்கு அனுப்பத் தேவை வரவில்லை. கடைசிக் கட்டத்தில் பந்து சிகாகோவிடம் வந்தது. அவர்கள் தங்கள் எல்லையிலிருந்து பத்துப் பத்துக் கஜமாக முன்னேறினார்கள். அவசரமே படவில்லை. என்னால்தான் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தும் இருந்தேன்.

நார்பர்ட் இடது கையைத் தேய்த்தார். பிறகு பையில் கை விட்டார். அடுத்த பையில் விட்டார். முகம் சாம்பலாகியிருந்தது.

“ரெஜி. பாட்டில்.”

அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சலவை இயந்திரத்துக்கு மேலே, தட்டில், தூள் பெட்டிக்குப் பக்கத்தில். நிலவறைப் படி என் நாற்காலிக்குப் பின்னால்தான். தொலைபேசி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

“நாம முன்னால இருக்கோம் நார்ப்,” என்றேன். “யாரும் எழுந்திருக்கக் கூடாது.”

அவர் சிரித்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். அந்த வீட்டில் நான் சொல்லி அவர் சிரித்த முதல் கேலி அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு நான் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்தார். தொலைபேசிப் பக்கம் கையை நீட்டினார். நான் அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“கண்ணு,” என்றார்.

இந்த ஆட்டத்தில் கடைசிக் கட்டம் எப்படி இழுக்கும் என்று டேலுக்குத் தெரியும். திரையிலிருக்கும் கடிகாரத்துக்கு ஒரு நேரம், வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு நேரம். நிறுத்துவார்கள், கூடிப் பேசுவார்கள், நடுவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், லாரி விளம்பரம் வரும், காப்பீட்டு விளம்பரம் வரும். விளம்பரத்தின்போது எழுந்தால் விதி மீறியதாகாது. அதுவும் எனக்குத் தோன்றியது. பந்தை உதைத்து வெற்றிப் புள்ளி எடுக்கச் சிகாகோ ஆள் வந்து நின்றபோது நார்பர்ட்டின் மூச்சு எனக்குக் கேட்டது. பந்து கம்பங்களுக்கு நடுவே போனபோது கேட்கவில்லை. என் ஊர் ஜெயித்திருந்தது. நான் கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று திரும்பிப் பார்த்தேன்.

அதன் பிறகு கீழே போய்ப் புட்டியை எடுத்து வந்தேன். அவர் கையில் வைத்து விரல்களை மூடினேன். பிறகு தொலைபேசியில் எண்களை அழுத்தினேன்.

டேல் எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.  வாசலுக்கு வெளியே யாரோ அதே ஆட்டத்தைப் பற்றி, உதையைத் தடுத்திருக்கலாம் என்று உரக்க வாதாடிக்கொண்டு போனார்கள்.

“இது அவர் மேல செஞ்சது இல்ல டேல்,” என்றேன். “ஆட்டத்துக்காக. ஒரே ஒரு ஆட்டம். அந்த நாற்காலில அவர் இருந்தாலும், ஒரு மூட்டை இருந்தாலும் நான் அப்படித்தான் உக்காந்திருப்பேன்.”

“புரியுதும்மா.” அவருக்குப் புரியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது எழுதறதுக்கு இல்ல, எனக்காக. அன்னிக்கு எதிர்ல சிகாகோ இல்லாம வேற ஏதாவது ஊர் டீம் ஆடியிருந்தா… நீங்க எழுந்து போயிருப்பீங்க. இல்லையா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். அவர் அதைத்தான் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நார்பர்ட்டை நேசித்தவர், இரவு தூங்க அவருக்கு அது வேண்டும். நானும் வாயைத் திறந்தேன். மனதில் பச்சை மஞ்சளுக்கு எதிரே வேறு அணிகளின் சட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஊதா. சிவப்பு. வெள்ளி. நார்பர்ட் பையில் கை விட்டார். ஒவ்வொரு முறையும் நான் நாற்காலியில்தான் இருந்தேன்.

“அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல டேல்,” என்றேன்.