இரட்டை வீட்டின் பின்சுவர்

வெள்ளிக்கிழமைகளில் நான் அவிக்கும் கடலையில் உப்புச் சற்றுக் குறைவாக இருக்கும். பக்கத்து வீட்டில் இருக்கும் ஜோசப்பின் என்ற பெண்மணிக்கு இரத்த அழுத்தம். சாமிக்குப் படைக்கும் முன்னரே அவருக்காக உப்பைக் குறைத்துவிடுவேன். சாமி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

பக்கத்து வீடு என்பதும் சரியான சொல் அல்ல. புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்தேச நகரத்தில், ஜெரார்ட் வீதிக்கு வடக்கே, நூறு வயதைத் தாண்டிய ஒரே செங்கல் வீட்டின் இரண்டு பாதிகளில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர். முன்வாசல் தூண்களும், சன்னல்களுக்கு மேலுள்ள செங்கல் வளைவுகளும் கண்ணாடியில் பார்த்தாற்போல இரு புறமும் ஒன்றாகவே இருக்கும். என் மனைவி காலமான பிறகு, சுவருக்கு அப்பால் ஜோசப்பின் செபமாலை சொல்வது கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும்.

எங்கள் பகுதியின் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணங்களுக்கு நான் தவறாமல் போவேன். இத்தகைய வீடுகள் சோடியாக நின்றால்தான் மதிப்பு என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டை நான் அர்த்தநாரீசுவரர் என்றுதான் நினைப்பேன். ஒரு பாதி கெட்டால் மறு பாதிக்கு உருவம் ஏது?

இதை ஜோசப்பினிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"ரட்ணம் அண்ணை, உங்கட சாமி பாதி பாதியா நிக்கலாம். எனக்கு முழங்கால் ரெண்டும் முழுசா வேணும். குளியலறை மேல கிடக்கு. உந்தப் படியில நான் இப்ப குந்திக் குந்தித்தான் இறங்கிறன்."

நகரின் மறுகோடியில், மல்வேர்னில், மகள் றீற்றாவின் வீட்டுக்குப் பக்கத்தில், லிப்ட் உள்ள கட்டடத்தில் ஓர் இடம் பார்த்திருந்தார்கள். இந்தப் பாதியை விற்றால்தான் அதை வாங்கலாம். வாங்க வந்தவர் அபிஷன் என்ற இளைஞர். நல்ல பிள்ளை, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செங்கல்லுக்கெல்லாம் கிரே பெயின்ற் அடிச்சு, போர்ச்சை எடுத்துட்டா வேற லெவலா இருக்கும், அங்கிள்" என்றார். அவருக்கு நான் தேநீர் கொடுத்தேன்.

பின்சுவரில் சாந்து உதிர்ந்திருந்தது. அதைத் திருத்திவைத்தால், தன் திருமணம் முடிந்ததும் வாங்கிக்கொள்வதாக அபிஷன் சொல்லிப் போனார். ஆள் பிடித்தால் செலவாகுமே என்று ஜோசப்பின் கவலைப்பட்டார்.

"நான் இருக்கிறன்தானே," என்றேன்.

அந்தக் காலத்துச் செங்கல் மிருதுவானது. அதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். ஈரம் சாந்தின் வழியே வெளியேறிவிடும். சீமெந்து பூசினால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல்லின் முகத்தை வெடிக்க வைக்கும். நடைப்பயணத்தில் இதைத் தெளிவாக விளக்கியிருந்தார்கள். நான் குறிப்பாகக் கேள்வியும் கேட்டிருந்தேன்.

சீமெந்துதான் பூசினேன். நன்றாக அழுத்திப் பூசினேன். கூரையிலிருந்து வரும் மழைக்குழாயின் வாயையும் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். நடைபாதையில் தண்ணீர் விழுந்து உறைந்தால் ஜோசப்பின் வழுக்கி விழுந்துவிடுவார் அல்லவா. வேலை நடந்த நாட்களில் அவர் எனக்கு மீன் போடாத கட்லற் சுட்டுத் தந்தார். காசு வாங்க மறுத்ததற்காக எனக்காகப் பெயர் சொல்லிச் செபித்ததும் சுவர்வழியே கேட்டது.

அபிஷனின் திருமணம் தள்ளித் தள்ளிப் போக, இரண்டு பனிக்காலம் போனது. செங்கற்களின் முகம் தோசைக்கல்லில் ஒட்டிய தோசையைப் போலப் பிய்ந்து பிய்ந்து விழுந்தது. அபிஷன் வீட்டைப் பரிசோதிப்பவர் ஒருவரோடு வந்தார். அந்த மனிதர் விரலால் சுவரைச் சுரண்டினார். ஒரு கல் கையோடு வந்துவிட்டது. அபிஷன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு வந்தவர்களும் பின்பக்கம் போய்ப் பார்த்த பின் தேநீர் குடிக்கவில்லை.

பாரம்பரியத்தைக் காக்கிறேன் என்றவனே அதைக் கெடுத்தானே என்று நீங்கள் நினைக்கலாம். பின்சுவர்தானே. வீதியிலிருந்து பார்த்தால் சோடி அப்படியே நிற்கிறது.

மல்வேர்ன் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. மாசி மாதத்தில் ஜோசப்பின் படியில் தவறி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். சுவர்வழியே அவர் கூப்பிட்டது எனக்குத்தான் முதலில் கேட்டது. நான் இல்லாதிருந்தால் யார் ஓடியிருப்பார்கள்? இப்போது முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். மூன்று வேளையும் நான்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன்.

"நீங்க இல்லாட்டி அம்மா தனிச்சுப் போயிருப்பா, அங்கிள்," என்று றீற்றா என் கையைப் பிடித்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

ஜோசப்பின் மட்டும் இன்னும் நம்பிக்கை விடவில்லை. "பக்கச் சுவரிலயும் சாந்து கொட்டுதாம், அண்ணை. வாற வருசம் எண்டாலும் ஆரும் வாங்க வருவினம். ஒருக்கா அதையும் பூசித் தருவியளோ?" என்று நேற்றுக் கேட்டார்.

நோயில் கிடப்பவர் கேட்டதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. காலையிலேயே போய்ச் சீமெந்து வாங்கி வந்துவிட்டேன்.