ஒரு நாள் கெடு

— போனை வீட்டுலயே வெச்சுட்டுத்தான் வந்தேன் அண்ணி. நீங்க சொல்லிக்குடுத்த பழக்கம். கை தானா அலமாரிக்குப் போகுது பாத்துக்குங்க.

— சரி. உக்காரு.

— மூணே நாள்ல கன்னம் ஒட்டிப்போச்சே. போலீஸ்காரங்க அடிச்சாங்களா?

— இல்ல. தூங்க விடல. விளக்கை அணைக்கவே இல்ல.

— வீட்டுக்கு வந்ததும் எங்க அண்ணன் எதாவது சாப்பிடக் குடுத்துச்சா?

— குடுத்தாரு. இறங்கல.

— பூட்டின கதவைத் திறந்து விடுங்கன்னு ஒரு மனு எழுதினதுக்கு இத்தனை பாடு. நெருப்புப் பிடிச்சா முந்நூறு பேரும் தையல் மெஷினோட கருக வேண்டியதுதான் பாத்துக்குங்க. சூப்பர்வைசர் நைசா வந்து, யார் யார் கையெழுத்துப் போட்டதுன்னு கேட்டாரு. காலர் தைக்கிற பொண்ணு, எனக்குக் கைநாட்டுதான் சார்ங்கிறா. பி.ஏ. படிச்சவ.

— சிரிப்பு வரணும். வரல.

— வரும் அண்ணி. அந்த மனுவை இப்ப எங்க வெச்சிருக்கோம் தெரியுமா?

— எங்கிட்ட சொல்லாதே.

— உங்ககிட்டயேவா?

— மறுபடியும் கூப்பிடுவாங்க. தெரியாததை யாரும் பிடுங்க முடியாது. நீ இங்க வந்ததே தப்பு. இப்ப எங்கேர்ந்து வர்றே?

— ஃபேக்டரிலேர்ந்து. வீட்டுக்குப் போய் மூஞ்சி கழுவிட்டு நேரா வர்றேன்.

— எந்த வீட்டுக்கு?

— எனக்கென்ன நாலு வீடா இருக்கு? எங்க வீடுதான்.

— நாம நாலு பேரும் உக்காந்து பேசினோமே. ஒருத்தரைப் பிடிச்சா, அவங்க ஒரு நாள் எப்படியாவது பல்லைக் கடிச்சுக்கணும். அதுக்குள்ள மத்தவங்க இடம் மாறிடணும்னு.

— மத்த ரெண்டு பேரும் அன்னிக்கே கிளம்பிட்டாங்க. அதுல பட்டன் தைக்கிற அக்கா என்னையும் வா வான்னு இழுத்தா.

— நீ போகல.

— போனா உங்களை நம்பலைன்னு ஆகாதா? எங்க அண்ணி வாயிலேர்ந்து என் பேரு வரவே வராதுன்னு சொல்லிட்டேன். நமக்கென்ன இன்னிக்கு நேத்துப் பழக்கமா?

— ரெண்டு நாள் தாங்கினேன்.

— எனக்குத் தெரியாதா?

— இன்னிக்குக் காலைல, ஒரே ஒரு பேரு சொல்லு, வீட்டுக்குப் போன்னாங்க. யாருக்கும் கெடுதல் வராத பேரா யோசிச்சேன்.

— ம்.

— நீ எப்பவோ போயிருப்பேன்னு நம்பி, உன் பேரைச் சொன்னேன்.