வெஜ்தியின் கோப்பில் ஒரு வரி

நேற்றே உங்களை வரச் சொல்லியிருப்பேன். பல் வைத்தியரிடம் போகவேண்டி வந்துவிட்டது. தேநீர் ஆறிவிடும், குடியுங்கள். இந்த வயதில் என்னை அங்காராவரை அலையவிடாமல் விசாரணைக் குழு வீட்டுக்கே ஆளனுப்பியதற்கு நன்றி.

வெஜ்தியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ராணுவப் பள்ளியில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. கொரியாவுக்கும் ஒன்றாகவே போனோம், லெப்டினன்டுகளாக. பின்வாங்கும்போது என் தொடையில் குண்டு பாய்ந்தது. பனியில் பதினோரு கிலோமீட்டர் என்னை முதுகில் சுமந்து வந்தான். அதை அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

இருபது வருடம் சொன்னார்கள். நான் கர்னலானேன், ஜெனரலானேன், கடைசியில் உளவுத்துறைத் தலைவருமானேன். என் தொலைபேசி அழைப்புக்கு அமைச்சர்கள் பயந்தார்கள். ஆனாலும் அதிகாரிகள் மன்றத்தில் ராக்கி மதுக் கோப்பையோடு எவனாவது வந்து, "வெஜ்தி முதுகுல சவாரி வந்தது நீங்கதானே, ஜெனரல்?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி முவல்லா எங்கள் மகனுக்கு வெஜ்தி என்றே பெயர் வைத்தாள். பெருநாள்தோறும் முதல் தட்டு பக்லாவா இனிப்பு அவன் வீட்டுக்குத்தான் போகும். ஒருமுறை வேண்டாமென்றேன்.

"அவர் இல்லேன்னா எனக்கு நீங்க ஏது?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எழுபத்தொன்றில், ராணுவச் சட்டம் அமலில் இருந்தபோது, ஜெனரல் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் வந்தது. பட்டியல் என் மேசை வழியாகத்தான் போகவேண்டும். அவன் கோப்பை வரவழைத்து இரண்டு முறை படித்தேன். ஒரு கறை இல்லை. எந்த மனிதனின் கோப்பும் அப்படி இருக்காது. அதனால் ஒரு வரி சேர்த்தேன்: பல்கேரிய உளவாளியுடன் எதிர்னே நகரில் இரண்டு சந்திப்புகள்.

பதவி உயர்வு நிற்கும், அவ்வளவுதான் என்று நினைத்ததாகச் சொல்ல ஆசைதான். அப்படி நினைக்கவில்லை. அந்த மாதிரி ஒரு வரி ஓர் ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

கைதான ஒன்பதாம் நாள் சிறைக்குப் போய்ப் பார்த்தேன். விரல்களில் நகங்கள் இல்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, காவலனிடம், "சொன்னேன்ல, ஃபிக்ரெத் வருவான்னு" என்றான். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினான்.

"எவனோ என்மேல பொய் எழுதியிருக்கான்டா. யாருன்னு நீ கண்டுபிடி. உன்னால முடியும்."

பார்க்கிறேன் என்றேன். வெளியே வந்து, விசாரணையைத் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டேன். நான்கு நாளில் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதச் சொன்னதும் நான்தான்.

முவல்லா இறந்து நாற்பது நாளாகிறது. கடைசிவரை அவளுக்குத் தெரியாது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

எழுதிக்கொள்ளுங்கள்: அந்த வரி பொய், எழுதியவன் நான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பொறாமை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஜெனரலாகக்கூட ஆகாத ஒருவன்மேல் எனக்கென்ன பொறாமை?