வலப்புருவத் தழும்பு

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! நாற்பது ஓவியங்களுக்கும் சுவர் தந்து நிழல் தந்த அருங்காட்சியக நண்பர்களே! வண்ணம் அறிந்த சான்றோரே! காலை முதல் கால்கடுக்கக் காத்திருக்கும் தாய்மாரே! முதல் வரிசையின் கடைசி நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கியபடி அமர்ந்திருக்கும் என் அண்ணியாரே! வணக்கம் சொல்லத்தான் வந்தேன். வழக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்துக் கூடத்தில் ஏழு ஓவியங்களின் கீழ் ஏழு விளக்க அட்டைகள் பொய் சொல்லி நிற்கின்றன. அக்கூடத்தின் கதவு திறக்க இன்னும் கால் மணி நேரமே இருக்கிறது!

நான் குழம்பியிருக்கிறேன், தோழர்களே! மேடையேறிய நாற்பது ஆண்டுகளில் குழம்பியது இன்றுதான். சிரியுங்கள், பின்வரிசை ஐயா, நன்றாகச் சிரியுங்கள். சற்று நேரத்தில் நீங்களும் என் பக்கத்தில் வந்து நிற்பீர்கள்!

மறைந்த ஓவியர் எனக்கு உடன்பிறவா அண்ணன். தம் முகத்தையே முப்பது ஆண்டுகள் தீட்டியவர். அந்தத் தன்னுருவ ஓவியங்களைப் பாராட்டிப் பேச அழைத்தார்கள். நாற்பதையும் அச்சிட்ட கண்காட்சி நூலையும் அனுப்பினார்கள். ஐந்து நாள் நோக்கினேன். நோக்கி எழுதினேன்: "முகம் முதிர்ந்தது, முடி உதிர்ந்தது, இடப்புருவத் தழும்பு மட்டும் இடம்பெயரவில்லை!" கைதட்டாதீர்கள், தாய்மாரே! தவறான வரிக்குத் தட்டிவிட்டுப் பிறகு என்னை நோகாதீர்கள்!

இன்று காலை அந்த வரியை முணுமுணுத்தபடி கூடத்துள் நடந்தேன். முதல் ஓவியத்தில் தழும்பு இடப்புருவத்தில். முப்பத்து மூன்றாவது வரைக்கும் இடப்புருவத்தில். முப்பத்து நான்காவதில் வலப்புருவத்தில்! அங்கிருந்து கடைசி வரை வலம், வலம், வலம்! நூலைப் புரட்டினேன், நாற்பதும் இடம். நூல் பொய்யா? சுவர் பொய்யா? என் கண் பொய்யா? முப்பது ஆண்டுகள் எதிரெதிரே அமர்ந்து வாதாடியவன் நான். தழும்பு எந்தப் பக்கம் என்றால் எனக்கே நினைவில்லை! கைகழுவும் அறைக்கு ஓடினேன். கண்ணாடி முன் நின்று என் வலப்புருவத்தைத் தொட்டேன். உள்ளே இருப்பவன் இடப்புருவத்தைத் தொட்டான். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் பதறிவிட்டார்.

"என்ன சார், கண்ணுல ஏதாவது விழுந்துடுச்சா?"

"என்ன விழுந்துச்சுன்னே தெரியலைங்க!"

"தண்ணி அடிச்சுக் கழுவுங்க, சரியாயிடும்."

கழுவினேன். சரியாகவில்லை. காப்பாட்சியரிடம் போனேன். உழைப்பாளி, குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

"அதுவா சார்? அந்த ஏழு போட்டோவும் இடது வலதா மாறி வந்திருச்சுன்னு நினைச்சோம். மத்ததோட ஒத்துப் போகலையே! அதான் புத்தகத்துல திருப்பிப் போட்டுச் சரிபண்ணிட்டோம்."

"அப்போ சுவர்ல மாட்டியிருக்கிறது?"

"அதைத் திருப்பினா முதுகுதான் சார் தெரியும்!"

என் பின்னால் ஒரு குரல். அண்ணியார்!

"தழும்பு வலது புருவத்துல தம்பி. ஏணியிலேருந்து விழுந்தப்போ துணியை வெச்சு அமுக்கினவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்போ முப்பத்து மூணும் தப்பா அண்ணி?"

"தப்பு எங்க வந்துச்சு? அவர் கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சார். கண்ணாடி பக்கத்தை மாத்திக் காட்டும்."

"இந்த ஏழு?"

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? ஆளே எதிர்ல உக்காந்திருந்தாரே!"

கேட்டீர்களா, அவையோரே? கடைசி ஈராண்டில் ஓவியரின் கை நடுங்கியது. தூரிகை பிடித்தது அவர் கையன்று. முப்பது ஆண்டுகள் அவருக்கு வண்ணம் குழைத்துத் தந்த கை! "சான்று உண்டா" என்கிறார் அங்கொரு நண்பர். உண்டு! ஓவியத்தில் சட்டைப் பையைப் பாருங்கள். முப்பத்து மூன்றில் வலப்பக்கம், ஏழில் இடப்பக்கம். எந்தத் தையற்காரர் ஐயா வலப்பக்கம் பை தைக்கிறார்?

"கையெழுத்து அவரோடதாச்சே அண்ணி?" என்றேன்.

"அது ஒண்ணுதான் அவர் போட்டது. அதுக்கே அரைமணி நேரம் ஆகும். என்னைக் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல."

இப்போது நான் என்ன செய்வேன்? அண்ணனைப் போற்றுவதா? நோவதா? பெயரைப் பறித்தாரா? பழக்கத்தில் போட்டாரா? நடுங்கும் விரலுக்கு அது ஒன்றே எஞ்சியிருந்ததா? தெரியவில்லை! தெரிந்ததுபோல் பேச எனக்கு வாய் வரவில்லை! இந்தக் காப்பாட்சியரிடம் அண்ணியார் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் ஒரே விடை: "துக்கத்துல குழம்பிப் போயிருக்கீங்கம்மா." குழம்பியது யார்? நூலில் படத்தைத் திருப்பியவரா? நூலை நம்பிய நானா? வலதை வலது என்ற அந்த அம்மையாரா?

"அவர் இருந்த வரைக்கும் பேசாம இருந்துட்டு, இப்போ ஏன் அண்ணி?" என்று கேட்டேன். முப்பத்து நான்காம் ஓவியத்தின் அட்டையை விரலால் தொட்டுக் காட்டினார். 'முதுமையின் தனிமையில் தன்னைத் தானே நோக்கும் கலைஞர்' என்றிருந்தது.

"தனியாவா தம்பி? நான் இருந்தேனே!"

அவையோரே, அந்த ஒரு சொல்லுக்கு என் ஐந்து நாள் உரை ஈடாகுமா? கிழித்துவிட்டேன்! பார்த்தவர் ஒருவர், பார்க்கப்பட்டவர் ஒருவர், இருவர் இருந்த அறையை ஒருவராக்கி எழுத எவருக்கு உரிமை?

காப்பாட்சியர் அவர்களே, எழுந்திருங்கள்! ஏழு அட்டைகளையும் இப்போதே கழற்றுங்கள். நூலைக் கட்டி உள்ளே வையுங்கள். அழைப்பிதழில் 'ஓவியரின் மனைவி' என்று மட்டும் அச்சிட்டீர்களே, அவரிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஏழாவது அட்டை சுவரேறும் வரை கதவு திறக்க வேண்டாம். நானும் இறங்க மாட்டேன். என் குழப்பத்தையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி; நின்றபடியே கேட்ட தாய்மாருக்குத் தலை தாழ்ந்த வணக்கம். ஐயா, இன்னுமா உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து போய்க் கேளுங்கள்!