முன்னால் போகும் குரல்

கழக்கூட்டம் போகிற பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். அவள் மடியில் லேப்டாப். அண்ணன் பாடி அனுப்பிய பாட்டை ஒரு சாஃப்ட்வேர் கீபோர்டு நோட்டுகளாக மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, பாடும்போ நீ தனியாத்தான் இருந்தியா?"

"பின்னே? நானே போட்ட மெட்டு. சர்ச்சுல எல்லார்ட்டயும் சொல்லியாச்சு."

"ரெண்டு ஆள் பாடுன மாதிரி நோட்டு வந்திருக்கே."

"சாஃப்ட்வேருக்க தப்பு. ஒரே குரலை ரெண்டா எடுத்துரும்."

"எடுக்கும், எனக்கும் தெரியும். அப்படின்னா நீ தப்புற எடத்துல அந்த ரெண்டாவது குரலும் தப்பணும். இங்க நீ ரெண்டு எடத்துல தப்பியிருக்க, அது தப்பல. ஒவ்வொரு வரியும் அதுதான் முதல்ல தொடங்குது. நீ பின்னாலதான் வாற."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்ணா, உனக்கு இந்த மெட்டைச் சொல்லித் தந்தது ஆரு?"

"மெல்லப் பேசு. ஆளுக கேக்காங்க."

திரையில் 'மெட்டு' என்பதற்குப் பக்கத்தில் இருந்த அவன் பெயரை அவள் அழித்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மெட்டு போட்ட ஆளுக்க பேரைச் சொல்லு. இல்லேன்னா சர்ச்சுல கீபோர்டு வாசிக்கப்போறது நான்தான். ரெண்டு கையாலயும் வாசிப்பேன். ரெண்டு ஆளுக்க குரலும் எல்லாருக்கும் கேக்கும்."