ரோசாலியா மாதாவுக்குக் கொண்டுபோன துவக்கு

இல்லைப் பிள்ளை, துவக்கு எண்டால் உங்கடை இந்தியத் தமிழிலை துப்பாக்கி. அதை முதல் உந்த மீசைக்காரப் பொலிசுக்கு விளங்கப்படுத்துங்கோ. நான் களவெடுத்த சாமான் இல்லை, என்ரை மகன் சிந்துஜன்ரை துவக்கு. மான் வேட்டைக்கெண்டு சோதினை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்து, முறையா வாங்கினது. அந்தத் துரை, என்ரை மகன், வெளியிலை பெஞ்சிலைதான் இருக்கிறார், என்ரை முகத்தைப் பாக்காமல்.

என்னவாம்? இத்தனை வருசமா பலெர்மோவிலை இருக்கிறன், இத்தாலியன் தெரியாதோவாம்? தெரியும் எண்டு சொல்லுங்கோ. சிஞ்ஞோரா, அதுதான் முதலாளியம்மா, வீட்டு நிலம் துடைக்கிற இத்தாலியன் நல்லாத் தெரியும். துவக்குக் கேசுக்கு அது காணாது, பத்தாது.

நீங்கள் யூனிவேர்சிற்றியிலையோ? கடல்பாசி ஆராய்ச்சியோ? நல்லது நல்லது, அதுக்கும் ஒராள் வேணும்தானே. இல்லை, மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிட்டது எனக்குச் சந்தோசம். எங்கடை ஆக்கள் ஒருத்தரைக் கொண்டுவந்து இருத்தியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டன். நாளைக்குப் பல்லரோச் சந்தையிலை மீன் வெட்டுறவன்கூட எனக்குப் புத்தி சொல்லுவான்.

துவக்கம் எங்கையெண்டால், பெடியன் வேலை செய்யிற கராஜிலை. பிரான்காச்சோவிலை. முதலாளி சல்வோ எண்டொருத்தன், வயிறு முன்னுக்குப் போகும், ஆள் பின்னாலை வருவான். அவன் ஒருநாள் இவனை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கை மான் கூடிப்போச்சாம், மரங்களையெல்லாம் தின்னுதாம், காடு பாவமாம். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை. வந்து இறங்கின பெடியன் மான், மான், மான். சோறு போட்டால் மான், பாத்றூமுக்குள்ளையும் போனிலை மான். எனக்கும் ஒரு துவக்கு வேணும் அப்பா எண்டான்.

அதுக்குப் பிறகு பாருங்கோ பிள்ளை, எங்கடை குடும்பத்திலை இவ்வளவு வேட்டைக்காரர் இருந்தது எனக்கே தெரியாது. மனிசியின்ரை தம்பி உமாசுதன், கனடாவிலை. பெரிய ஆயுத நிபுணர். ஊரிலை பட்டாசு வெடிச்சாலே தகப்பன்ரை கைலிச் சாரத்துக்குள்ளை ஒளிச்ச ஆள். அவர் வட்சப்பிலை சொல்லுறார், அத்தான், ஒண்டொண்டாச் சுடுறது வாங்காதேங்கோ, தொடர்ந்து சுடுறதா வாங்குங்கோவாம். ஏன், மான் திருப்பிச் சுடுமோ? சல்வோ சொல்லுறான் பெரிய குண்டு போடுறதுதான் ஆம்பிளைக்கு அழகெண்டு. குண்டின்ரை அளவிலைதான் அவருக்கு ஆம்பிளைத்தனம் கிடக்குது, விடுங்கோ. இவன் துரைக்கு நிறம்தான் முக்கியம். தோளிலை வைக்கிற கட்டை நல்ல வால்நட் மரமா, மினுங்க வேணுமாம். மான் பாத்து மயங்கி விழட்டும் எண்டு நினைச்சானோ தெரியாது.

கடைக்கும் நான்தான் கூடப் போனனான். கடைக்காரன் இன்னொரு விண்ணாணம், பெரிய மேதாவி. முதல் துவக்கெண்டால் உதை குறைஞ்சதா இருக்கோணுமாம். பெரிய குண்டு போடுறதை இப்ப தொடவேண்டாம், சின்னது மானுக்குக் காணும், முதல் நாளே தோள் நொந்துதெண்டால் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடுவானாம். அளவு நாடாவை எடுத்தான். பெடியன்ரை முழங்கை மடிப்பிலையிருந்து விரல் மட்டும் அளந்தான். கழுத்தைச் சரிக்கச் சொல்லிப் பாத்தான். கலியாண மாப்பிள்ளைக்குக் கோட் தைக்கிறவனும் அப்பிடி அளக்கமாட்டான். கட்டையிலை ரெண்டு விரல் அளவு அறுக்கவேணும், நுனியிலை றப்பர் மெத்தை வைக்கவேணும், தம்பியின்ரை தோள் நோகக்கூடாதாம். நான் கேட்டன், மானுக்கும் மெத்தை இருக்கோ எண்டு. இவன் அதை மொழிபெயர்க்கேல்லை. வெக்கப்பட்டவர். அப்பன் கதைச்சால் அவைக்கு எப்பவும் வெக்கம்தானே.

ஓம் ஓம், விசயத்துக்குத்தான் வாறன். உவருக்கு அவசரமெண்டால் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரச்சொல்லுங்கோ.

வீட்டை கொண்டுவந்தால் அங்கை செல்வமலர் தட்டோடை நிக்கிறா. என்ரை மனிசி. புதுச்சாமான் எது வந்தாலும் சாமிக்கு முன்னாலை வைக்காமல் தொட விடமாட்டா. வாஷிங் மெஷினுக்கே தேங்காய் உடைச்ச ஆள். துவக்குக்குப் பூ வைச்சு, தீபம் காட்டி, சந்தனப் பொட்டும் வைச்சா. எங்கை வைச்சா தெரியுமோ? தூரத்தைப் பாக்கிற குழாய்க் கண்ணாடியிலை, சரி நடுவிலை. பெடியன் குதிச்ச குதி! நான் மட்டும்தான் சிரிச்சனான். அதோடை நிண்டாவோ? முதல் மானைச் சுட முன்னம் ரோசாலியா மாதாவிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டு வரவேணும் எண்டா.

நாங்கள் சைவம்தான் பிள்ளை, என்ன அப்பிடிப் பாக்கிறியள்? ஞாயிற்றுக்கிழமையெண்டால் மலை ஏறி மாதாவைக் கும்பிடாத தமிழன் இந்தப் பலெர்மோவிலை இல்லை. வேலை வேணும், இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோக் கடுதாசி வேணும், பிள்ளை வேணும், எல்லாம் அவவிட்டைத்தான். அப்ப துவக்கும் போகட்டும் எண்டு, என்ரை பட்டு வேட்டியாலை சுத்தி, தோளிலை சாத்திக்கொண்டு நான் ஏறினனான். குண்டு ஒண்டும் இல்லை. லைசென்ஸ் அவன்ரை பேரிலை, எனக்குத் தூக்கிக்கொண்டு திரிய உரிமை இல்லை. ஓம், தெரியாத மோட்டு வேலை. அப்பிடித்தானே எழுதியிருக்கினம்? வெளிநாட்டுக்காரன், பக்தி கூடினவன், சட்டம் தெரியாதவன். பாருங்கோ, உவருக்கே சிரிப்பு வருது.

என்ன கேக்கிறார்? துவக்கு வைச்சுப் பூட்டுற இரும்பு அலுமாரித் திறப்பு ஆரிட்டை இருந்ததெண்டோ? ஓம், திறப்பு, சாவி.

பொறுங்கோ. முதல் ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. பெடியன் கவலையீனமாத் திறப்பைப் பூட்டிலையே விட்டிட்டுப் போயிருந்தால், அவனுக்கு என்ன செய்வினம்?

லைசென்சைப் பறிப்பினமோ? துவக்கும் திரும்பி வராதோ. பிறகு எடுக்கேலுமோ எண்டு கேளுங்கோ. கஷ்டமாமோ. எனக்கு? எனக்குக் கேஸ், பெர்மெஸ்ஸோவும் கேள்விதான். சரி. நல்லது.

இப்ப நான் சொல்லுறதை மொழிபெயர்க்காதேங்கோ பிள்ளை. சும்மா தலையை ஆட்டுங்கோ, உவர் பாக்கிறார்.

என்னை ஆரும் பிடிக்கேல்லை. மலைப் பாதையிலை கராபினியேரிப் பொலிசின்ரை ஜீப் நிண்டது, அதுக்குள்ளை ரெண்டு பெடியள் போன் பாத்துக்கொண்டு இருந்தாங்கள். முன்னாலை ரெண்டுதரம் நடந்தன், திரும்பியும் பாக்கேல்லை, அவ்வளவு கெட்டித்தனம். பிறகு நானே கண்ணாடியிலை தட்டி, வேட்டியை அவிட்டுக் காட்டினனான். திறப்பைச் சிந்துஜன் கழுத்துச் சங்கிலியிலை போட்டிருக்கிறவன். குளிக்கேக்கை மட்டும் கழட்டுவான். அப்பதான் எடுத்தனான்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள், அபிதா. ஊரிலை சண்டைக்கு வீட்டுக்கொராள் தாங்கோ எண்டு இயக்கக்காரர் வந்து கேட்டவை. நான் இஞ்சை வந்திட்டன், அப்ப வீட்டிலை இருந்த ஒராள் அவள்தான். கட்டைப் பிள்ளை. அவளின்ரை கையை ஒருத்தரும் அளக்கேல்லை. முதல்முறை வந்து போகேக்கை தோள் நீலம் பாரிச்சுக் கிடந்ததெண்டு அம்மா போனிலை அழுதவ. பிறகு அவள் வரேல்லை. உடம்பும் வரேல்லை.

மான் வேட்டை வேறை, சண்டை வேறை எண்டு சொல்ல வாறியள். எனக்குத் தெரியாதோ? நான் என்ன விசரனோ? அந்தக் கடையிலை இவன் துவக்கைத் தோளிலை வைச்சு, தலையைச் சரிச்சு, ஒரு கண்ணை மூடினவன் பிள்ளை. அச்சொட்டா அவளின்ரை முகம். அண்டு தொடக்கம் ஒரு இரவும் நித்திரை இல்லை. சொன்னால் விளங்குமோ அவனுக்கு? அப்பா, இது ஸ்போர்ட் எண்டுவான்.

இனி என்னோடை கதைக்கமாட்டான். ஆயுசுக்கும் கதைக்கமாட்டான், எனக்கு வடிவாத் தெரியும், என்ரை பிடிவாதம்தானே அவனுக்கும். கதைக்காமல் இருக்கட்டும், துவக்கு மட்டும் அவன்ரை கையிலை இருக்கக்கூடாது. கோவிச்சுக்கொண்டு இருக்கிறதுக்கெண்டாலும் ஆள் உயிரோடை இருக்கவேணுமெல்லே.

ஏன் அழுறியள்? கண்ணைத் துடையுங்கோ, உவர் சந்தேகப்படப்போறார். சொல்லுங்கோ உவருக்கு, வடிவா எழுதச் சொல்லுங்கோ. திறப்பைப் பெடியன்தான் பூட்டிலை விட்டிட்டுப் போனவன்.