பதிலுக்கு முன்னே தண்ணீர்

வார்டு வார்டாய் நடந்து வாடிய முகங்களுக்கு வேதம் வாசித்தவரே! வலியில் முனகியவர்க்கு வாயாரப் பேச்சும் மனமாரச் செபமும் வாரி வழங்கியவரே! முப்பதாண்டுக் காலம் இம்மருத்துவமனையின் வேதாகம ஊழியராய் விளங்கி இன்று விடைபெறும் எங்கள் அன்புக்குரிய ஜெபக்கா அவர்களே!

வணக்கம். இதற்கு மேல் என்ன சொல்வது என்பதில்தான் எங்களுக்குக் குழப்பம்.

இது மூன்றாவது மடல் என்பதை அவையோர் அறிய வேண்டும். முதல் மடலில் தங்கள் தொண்டுகளைத் தொகுத்திருந்தோம். பிரசவ அறை வாசலில் பதறிய கணவன்மாரைப் பிடித்து உட்கார வைத்தது, ஊசிக்கு அழுத பிள்ளைகளுக்குக் கைக்குட்டையில் எலி செய்து காட்டியது, பார்க்க ஆளில்லாத நோயாளியின் உறவாய் நின்று கையெழுத்திட்டது, எல்லாம் அதில் இருந்தன. தாங்கள் வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "இதெல்லாம் கிரியை, நம்ம கையால செஞ்ச காரியம். கிரியையால யாரும் ரட்சிக்கப்பட மாட்டாங்கன்னு தினம் காலைல சொன்னவ நான். இதை வாசிச்சா எழுந்து போயிடுவேன்" என்றீர்கள். சரியென்று இரண்டாம் மடலில் தங்கள் விசுவாசத்தை வானளாவப் புகழ்ந்தோம். அதுவும் தாம் சம்பாதித்ததல்ல, இலவசமாய்க் கிடைத்த ஈவு என்றீர்கள். வாங்கியவளைப் புகழ்வது எந்த ஊர் நியாயம் என்று அதையும் அடித்துவிட்டீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கிரியையும் ஆகாது, விசுவாசமும் ஆகாது என்றால், புகழ்வதற்கு மிச்சம் இருப்பது தங்கள் குடையும் செருப்பும்தான்!

ஆகையால் அம்மையே, தங்களுக்கும் புரியாத, எங்களுக்கும் புரியாத ஒன்றைப் பற்றியே இம்மடலில் பேசத் துணிந்தோம்.

ஆண்கள் வார்டில் சன்னலோரக் கட்டிலில் கிடந்த தையல்காரரைத் தாங்கள் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. எழுந்து உட்கார முடிந்த நாளெல்லாம், பக்கத்துக் கட்டில்காரர்களின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்த புண்ணியவான் அவர். தாங்கள் வேதத்தோடு போய் நின்றால், "நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்லம்மா, அது போதாதா?" என்பார். போதாது என்பீர்கள். அவர் சிரிப்பார், தாங்கள் அடுத்த நாளும் போவீர்கள். விடாக்கண்டரும் கொடாக்கண்டரும் என்று வார்டே வேடிக்கை பார்த்தது.

ஒரு பிற்பகலில் அவரே ஆள் அனுப்பித் தங்களை அழைத்தார். இன்றைக்குக் கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்றார். மூச்சு அப்போதே மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. தாங்கள் வேதத்தைத் திறந்து, ஆண்டவரை விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டீர்கள். அவர் உதட்டை ஈரப்படுத்தப் பார்த்து, முடியாமல், "தண்ணி" என்றார்.

தண்ணீர் கொடுப்பது தங்கள் வேலையல்ல. அதற்கென்று இருந்த ஆயா வாசலிலேயே நின்றார். நடந்ததைக் கண்டு எங்களுக்குச் சொன்னவரும் அவரே. கட்டிலருகே இருந்த தண்ணீர்க் கூசா காலியாயிருந்தது. தாங்கள் வேதத்தைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, தாழ்வாரத்தின் கோடி வரை ஓடி, குவளையில் பிடித்து வந்து, அவர் தலையைத் தாங்கிப் புகட்டினீர்கள். இரண்டு மடக்கு இறங்கியது. அவர் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. போய்விட்டார்.

அன்று தொடங்கிய கேள்வி தங்களை இன்றுவரை விடவில்லை. பதிலை முதலில் வாங்கியிருக்க வேண்டுமோ, தாகத்தைத் தீர்க்கப் போய் ஓர் ஆத்துமாவை இழந்துவிட்டேனோ என்று கேட்டுக் கேட்டு எங்களையும் இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கறாரான விசுவாசி. ஒரே ஒரு சொல்லுக்குத்தானே நேரம் வேண்டியிருந்தது, அக்கா பொறுத்திருக்கலாம் என்பது அவர் கட்சி. தலைமைச் செவிலியர் எதிர்க்கட்சி. ஒருநாள் தேநீர் வேளையில் அவர் தங்களையே மடக்கினார்: "மனுஷன் செய்யறது யாரையும் காப்பாத்தாதுன்னா, மனுஷன் செய்யறது யாரையும் கெடுக்குமா அக்கா?"

"அது வேற" என்றீர்கள். எழுந்துபோய்க் குவளையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "வேறதானா?" என்றீர்கள். ஒரே வேதத்தில் அப்போஸ்தலர் ஒருவர் எழுதிய நிருபம் விசுவாசம் போதும் என்கிறது. இன்னொரு நிருபம் கிரியையில்லாத விசுவாசம் பிணம் என்கிறது. இரண்டையும் கரைத்துக் குடித்த தாங்களே கலங்கினால், நாங்கள் எம்மாத்திரம்?

சென்ற வாரம் அலமாரியை ஒழிக்கும்போது ஆயாவிடம் சொன்னீர்களாம், "அவர் என்ன சொல்ல வந்தார்னு தெரியாமலே வீட்டுக்குப் போறேன்" என்று. அதைக் கேட்டதும், வழியனுப்புமுன் விடை ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உணவுக்கூடத்தில் கூடினோம். பேசினோம், வாதாடினோம், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார்கள். விடை கிடைக்கவில்லை. மன்னியுங்கள்.

கடைசியில் ஆயாதான் வேறொன்று கேட்டார். நம் ஒவ்வொருவருக்கும் அந்தப் படுக்கை ஒருநாள் உண்டே, அன்றைக்குப் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று கேட்டார். கட்சி மறந்து எல்லோரும் தங்களையே சொன்னோம். முதலில் சொன்னவர், தாங்கள் தவறு செய்தீர்கள் என்று இன்றும் சாதிக்கும் ஓட்டுநர்.

ஆதலால் அருமை அக்கா, தங்களுக்கு நீண்ட ஆயுளை வேண்டுகிறோம். இதில் எங்கள் சுயநலம் மலையளவு இருக்கிறது என்பதையும் ஒளிக்கவில்லை. நோயும் நொடியும் அண்டாமல், காலும் கண்ணும் தளராமல், எங்களில் கடைசி ஆள் போகும்வரை தாங்கள் இருக்க வேண்டும். எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு, மெதுவாக வாருங்கள்.

இங்ஙனம்,
இன்னும் ஒரு முடிவுக்கு வராத,
தங்கள் மருத்துவமனைப் பணியாளர்கள்